ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வது எப்படி?

விரல்விட்டு எண்ணத் தெரிந்த யார் வேண்டுமானாலும் பட்டறை வைக்கலாம். ஒன்பதாவது விரலோடு நிறுத்தத் தெரிந்தவர்தான் அதை நிம்மதியாக நடத்த முடியும். கோயம்புத்தூர் கணபதியிலும் பீளமேட்டிலும் நாலைந்து பட்டறைகளுக்கு முப்பது வருஷம் மஸ்டர் ரோல் என்னும் ஆள் வருகைப் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாவது விரலை நிமிர்த்திய அன்று தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், நம் வாயில் இ.எஸ்.ஐ., கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரும். வந்தால் போகாது. 1989இல் அதன் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம், பிறகு ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் உள்ளேயேதான் இருக்க வேண்டும். பத்துப் பேர் இருந்த பட்டறை நொடித்து மூன்று பேராகிவிட்டாலும் அந்த மூன்று பேருக்கும் கட்டியாக வேண்டும். கல்யாணத்திலிருந்துகூட வெளியே வர ஒரு கோர்ட் இருக்கிறது.

எவ்வளவுதான் கட்டச் சொல்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் இந்த வழிகாட்டிக்கே வேலை இருக்காது. கேட்டுவிட்டதால் சொல்கிறேன்: முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 2019 ஜூலைக்கு முன்பு இது 4.75, 1.75 என்று இருந்தது. 18,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு இன்று உங்கள் கையிலிருந்து போவது மாதம் 585 ரூபாய். காலையும் மாலையும் பட்டறைக்கு வரும் டீயும் பஜ்ஜியும் ஆளுக்கு மாதம் அதைத் தாண்டும். அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் டீ நாமாக வாங்கிக் கொடுப்பது. வாங்கிக் கொடு என்று டில்லியில் சட்டம் போட்டிருந்தால் டீயையும் நிறுத்தியிருப்போம்.

முதல் படி, எண்ணுவது. பார்க்க எளிது, இதில்தான் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை பேர் என்பது கேள்வியே இல்லை. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தால் அந்தத் தொழிற்கூடம் சட்டத்துக்குள் வந்துவிடும். தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் இரண்டு நாளைக்கு என்று கூட்டி வந்த ஹெல்பர்கள் கணக்கில் சேருவார்கள். கான்ட்ராக்டர் அனுப்பிய ஆளும் சேருவார். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் தலையை எண்ணும்போது அவர் தலையும் ஒரு தலைதான். கூட்டிப் பெருக்கும் அம்மா சேருவார். கணக்கெழுதுபவரும் சேருவார். நான் கணக்கெழுதிய இடங்களில் மட்டும் கணக்கெழுதுபவர் சேரவில்லை. அதற்குக் காரணம், பட்டியலை எழுதியவர் அவரே.

ஆயுத பூஜை அன்று குரூப் போட்டோ எடுக்காதீர்கள். ஒரு பட்டறையில் பொரியும் சுண்டலும் வைத்து, லேத்துக்கு மாலை போட்டு, முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு முதலாளி மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். இ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் வந்தவர் மஸ்டர் ரோலைக்கூடக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ணினார்.

"பதினாலு பேர் இருக்காங்களே?"

"சொந்தக்காரங்க சார். சாமி கும்பிட வந்திருந்தாங்க."

"சொந்தக்காரங்க பதினாலு பேருக்கும் ஒரே துணியிலயா சட்டை எடுத்தீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். சட்டை பில்லைச் செலவுக் கணக்கில் ஏற்றியவன் நான்தான். '14 பீஸ்' என்று கடைக்காரர் அழகாக எழுதியிருந்தார். வருமான வரியில் கழிக்க ஆசைப்பட்ட ஒரு பில், இ.எஸ்.ஐ.யில் பதினாலு பேரைப் பிடித்துக் கொடுத்தது. பாக்கிச் சந்தாவும் அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அபராதமும் கட்டிய பிறகு அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் இன்னும் சதுரமாக வெளுத்த இடம் இருக்கிறது.

இரண்டாம் படி, பிரிப்பது. ஆள் பதினெட்டு ஆகிவிட்டதா? வீட்டு அம்மணி பெயரில் இன்னொரு கம்பெனி ஆரம்பியுங்கள். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. கேட்டில் ஒரு போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு. இது நம் ஊரில் பழைய வித்தை, அதனால் கோர்ட்டுக்கும் பழைய வித்தைதான். ஒரே கரண்ட் மீட்டரா, ஒரே கம்ப்ரசரா, ஒரே வாட்ச்மேனா, இங்கே கடைந்த பீஸ் அங்கே போய்த் துளை போடப்படுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் போர்டு இரண்டானாலும் நிறுவனம் ஒன்று என்று எழுதிவிடுவார்கள்.

அகப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜி.எஸ்.டி. நம்பர், இரண்டு கரண்ட் அக்கவுண்ட், ஆடிட்டருக்கு இரண்டு ஃபீஸ், மாதா மாதம் இரண்டு ரிட்டர்ன். நான் ஒருமுறை ஒரு முதலாளிக்கு இந்தச் செலவையெல்லாம் கூட்டிக் காட்டினேன். பதினெட்டுப் பேருக்கு இ.எஸ்.ஐ. கட்டுவதைவிடச் சில ஆயிரம்தான் குறைவாக வந்தது. "குறைவுதானுங்களே" என்று சந்தோஷப்பட்டார்.

அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்ட ஒரு செலவும் உண்டு. பம்ப் கம்பெனி ஒன்று பெரிய ஜாப் ஆர்டர் தருவதாக வந்தது. வந்தவர்கள் முதலில் கேட்டது இ.எஸ்.ஐ., பி.எஃப். சலான். இல்லை என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு பட்டறையில் சி.என்.சி. மெஷின் வாங்க பேங்க் லோன் தயாராக இருந்தது. அதை ஓட்ட வருபவர் பத்தாவது ஆளாகிவிடுவார் என்று முதலாளி வாங்கவில்லை. ஆளுக்கு மாதம் 585 ரூபாயை மிச்சம் பிடிக்க மெஷினையே விட்டவர் அவர். சட்டம் வேலைவாய்ப்பைக் கெடுக்கிறது என்று அவர் சங்கக் கூட்டத்தில் பேசியபோது நானும் கை தட்டினேன். ஒரு வேலை போனது உண்மைதானே.

மூன்றாம் படி, படி. சம்பளத்தில் உள்ள படியைச் சொல்கிறேன். 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தபோது மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் அதில் சேர மாட்டார். உச்சவரம்பு மெல்ல மெல்ல ஏறி 2017 ஜனவரியில் 21,000 ஆயிற்று. அதோடு நின்றது. விலைவாசி நிற்கவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. ஆகவே வருஷா வருஷம் கொஞ்சம் பேர் இந்தக் கூரைக்கு மேலே போய்விடுகிறார்கள்.

சந்தாவைக் குறைக்க வேண்டுமா? சம்பளத்தைச் சின்னதாக்கி, படியைப் பெரிதாக்குங்கள். இதில் கோயம்புத்தூருக்கு ஒரு பெருமை உண்டு. போக்குவரத்துப் படி இ.எஸ்.ஐ. கணக்குக்கான சம்பளத்தில் சேராது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் ஊர் டெக்ஸ்மோ நிறுவனத்தின் வழக்கில்தான். தீர்ப்பு வந்த மாதத்திலேயே என்னிடம் மூன்று முதலாளிகள் வந்தார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் வாட்ச்மேனுக்கும் போக்குவரத்துப் படி போட முடியுமா என்று அதில் ஒருவர் கேட்டார். ஆசை நெடுநாள் நிற்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைத் திரும்பச் சம்பளத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. படிக்கட்டின் மேல் பாதியை இடித்துவிட்டார்கள்.

இந்த 21,000 முதலாளிக்கு மட்டும் வேலை வைப்பதில்லை. ஒழுங்காக இ.எஸ்.ஐ. கட்டும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் ஒருவர் 20,800 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் மேனேஜர் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து ஆயிரம் ரூபாய் கூட்டிப் போடுகிறோம் என்றார். இவர் முகம் வாடிவிட்டது.

"சார், ஏப்ரல்ல வேண்டாங்க. மே மாசம் போடுங்க."

"ஏப்பா, ஒரு மாசம் முன்னாடியே தர்றேங்கறேன்!"

அவர் அம்மாவுக்கு இ.எஸ்.ஐ.யில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலம் தொடங்கும் நாளில் 21,000க்குள் இருந்துவிட்டால், நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை சந்தா பிடிப்பார்கள். செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை ஓடும். ஏப்ரல் முதல் தேதியே சம்பளம் ஏறிவிட்டால் அந்த வருஷ டிசம்பரோடு சரி. ஒரு மாத உயர்வு ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்தால் அம்மாவுக்கு ஆறு மாதம் கூடக் கிடைக்கிறது. சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை, ஆடிட்டர்கள் உட்பட. அவர் படித்தது எட்டாவது.

பெண்களை வேலைக்கு வைப்பது பற்றி ஒரு பத்தி போதும். பேறுகால விடுப்பு 2017 ஏப்ரலிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. 20,000 வாங்குபவர் என்றால் உங்கள் செலவு மாதம் 650 ரூபாய் சந்தா, அவ்வளவுதான். 24,000 வாங்கும் சூப்பர்வைசர் அம்மாவுக்கு அதே விடுப்பில் ஆறு மாதச் சம்பளம், 1,44,000 ரூபாய், உங்கள் பெட்டியிலிருந்து போக வேண்டும். இந்தச் செலவைத் தனி ஒரு முதலாளியின் தலையில் கட்டாதீர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மகப்பேறு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆகவே 'திருமணமாகாதவர்களுக்கு முன்னுரிமை' என்று விளம்பரம் கொடுக்கலாம் என்பது கன்சல்டன்ட்கள் சொல்லும் வழி. ஐம்பது பேரைத் தொட்டால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், அதனால் நாற்பத்தொன்பதில் நிற்கும் கம்பெனிகளும் உண்டு. ஒன்பதில் நிற்பவர்களின் பெரியப்பா வகை.

நான்காம் படியை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். விபத்து நடந்தால் என்ன செய்வது?

பவர் பிரஸ்ஸில் கை போகும். அடிக்கடி போகாது, ஆனால் போகும். சென்சார் இருந்தாலும் வேகம் குறைகிறது என்று அணைத்து வைப்பதுண்டு. ஆள் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் மருத்துவம் முழுக்கக் கழகத்தின் பொறுப்பு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், ஊனம் நிலைத்துவிட்டால் அதற்கேற்ற மாதாந்திரத் தொகை. அதைவிட முக்கியமாக, நீங்கள் தனியாக நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அந்த வழியைச் சட்டமே அடைத்துவைத்திருக்கிறது. 585 ரூபாயில் தொழிலாளிக்கு மட்டும்தான் காப்பீடு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பாதி காப்பீடு முதலாளிக்கு.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் வாய்ப்பாடு இருக்கிறது, புதிய தொகுப்புச் சட்டமும் அதையே எடுத்துக்கொண்டது. 30 வயது ஆளுக்குக் காரணி 207.98. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 2020 முதல் அதிகபட்சம் 15,000. அதில் 60 சதவீதம். கட்டைவிரல் போனால் உழைக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகப் பட்டியல் சொல்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 5,61,546 ரூபாய். இதை 585ஆல் வகுத்தால் 960 மாதம், சற்றேறக்குறைய எண்பது வருஷச் சந்தா. முப்பது வயதுக்காரர் நூற்றுப்பத்து வயது வரை வேலை செய்தால் ஈடாகிவிடும்.

இதை நான் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் போட நேரமில்லை. ஒன்பது பேர் உள்ள ஒரு பட்டறையில் பதினோராவது ஆளாக ஒரு பையன் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். சேலம் பக்கம். வந்து ஐந்து மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பெல் அடிக்கக் கொஞ்சம் முன்னால் சத்தம் கேட்டது. துணியைச் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்டார்கள். பைக்கில் போகும்போது செயினில் மாட்டிக்கொண்டது என்றேன். நான்தான் சொன்னேன், முதலாளி கார் நிறுத்தப் போயிருந்தார். பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி பில் முழுக்கக் கட்டினார், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார், தேறியதும் வேலை தருவதாகச் சொல்லித் தரவும் செய்தார். வாட்ச்மேன் வேலை. மஸ்டர் ரோலில் அவன் பெயரே இல்லாததால், விரல் போனது யாருக்கு என்று எழுத இடமும் இல்லை. எனக்கு அன்று ஒரு வேலையும் மிச்சம்.

இதெல்லாம் முதலாளிகள் மட்டும் செய்யும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். "எனக்குப் பிடிக்காதீங்கண்ணா, கையில குடுத்துடுங்க" என்று கேட்கும் ஆட்கள் பாதிக்கு மேல். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. டிஸ்பென்சரியில் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. எழுதிக் கொடுத்த நாலு மருந்தில் இரண்டு இல்லை, வியாழக்கிழமை வா என்பார்கள். இரண்டு அரை நாள் போனால் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு சம்பளம் போயிற்று. மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கு கழகம், ஒரு பங்கு மாநில அரசு என்று ஏற்பாடு. இரண்டு பேர் சேர்ந்து கட்டிய வீட்டில் ஓட்டை விழுந்தால் யார் மாற்றுவது என்ற கதை. பீகாரிலிருந்து வந்த பையனுக்கோ, குடும்பம் அங்கே, இ.எஸ்.ஐ. அட்டை இங்கே. 91 நாள் வரை சுகவீனத்துக்கு 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், நான் சொன்னதில்லை. சொன்னால் அட்டை கேட்பான்.

கான்பூரிலும் டில்லியிலும் 1952இல் தொடங்கிய திட்டம் 1955இல் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது கோயம்புத்தூரில்தான் முதலில் இறங்கியது. மில் தொழிலாளர்களின் ஊர் என்பதால். அந்தத் தலைமுறை முதலாளிகளும் முனகியிருப்பார்கள், ஆனால் மில்லில் ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒன்பது என்று எழுத முடியாது. சின்னப் பட்டறைக்குத்தான் அந்த வசதி. 2020இல் கொரோனா வந்தபோது சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைத்தான் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். அட்டை இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த 'ஒன்பது பேர்' முதலாளிகள் இருவர் அங்கே பத்து நாள் இருந்து நல்லபடியாக வீடு திரும்பினார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

மீதியெல்லாம் சில்லறை. நாலு சதவீதத்தையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துவிடும் கலை ஒன்று உண்டு. சட்டப்படி உங்கள் பங்கை அவரிடம் பிடிக்கக் கூடாது, கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, 'சி.டி.சி.', என்று பெயர் வைத்தால் யாரும் கேட்பதில்லை. அவர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள், அது நம்பிக்கை மோசடி என்று கிரிமினல் கேஸாகப் போகும். மாதச் சந்தாவுக்குக் கடைசி நாள் மறு மாதம் 15. கட்டாதவர்களுக்கு எதற்கு இந்தத் தேதி என்கிறீர்களா, இன்ஸ்பெக்டர்கள் வருவதும் ஏறக்குறைய அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரி. வீட்டு நகை கொஞ்சம் போயிற்று. முப்பது வருஷம் கணக்கெழுதிய இடத்திலிருந்து முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அட்டை ஏதாவது இருக்கா என்று அவரே கேட்டார். கேட்ட பிறகு ஞாபகம் வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், முதலாளியோடு வந்தவன்தான், இடது கையால் ஆப்பிளை எடுத்துக் கொடுத்தான்.

இந்தக் குறிப்புகளின்படி நடப்பவர்கள் ஆலோசனைக் கட்டணத்தை ரொக்கமாகத் தந்துவிடுங்கள். வவுச்சரில் என் கையெழுத்து கேட்காதீர்கள். நான் எந்தப் பட்டியலிலும் இல்லை.